தாய்மாமன் சுடாத வேட்டு

முகல்லா
ஆகஸ்டு 9

முஸ்னா,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். மூன்று வருடமாக நீ எழுதிய கடிதங்களைப் படித்தேன், பதில் போடவில்லை. தொலைபேசியில் அழைத்தாய், எடுக்கவில்லை. இப்போது பள்ளத்தாக்கில் தொலைபேசிக் கோபுரத்துக்கு டீசலே இல்லாததால் அந்தத் தொல்லையும் விட்டது. ஆனால் நேற்று கேட்ட செய்திக்குப் பிறகு பேசாமல் இருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

மீன் சந்தையில் வண்டிக்காரன் பின் துவைஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். துஃபைராவுக்கும் முகல்லாவுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. தெரிந்ததைச் சொல்லாமல் விடும் பழக்கமும் அவனுக்கு இல்லை.

"இன்ஜினியரே, உங்க தங்கச்சி எங்கயோ போயிட்டாங்க! வெள்ளத்துக்கு என்ன செய்யலாம்னு வெளிநாட்டு உதவி நிறுவனமே அவங்க பொம்பளைங்க சங்கத்துக்கு ஆள் அனுப்பிக் கேக்குது. திரும்பவும் அபாயச் சங்கு வாங்கப் போறாங்களாம். இந்தத் தடவை கம்பம் இன்னும் உசரமாம்!"

இன்னும் உயரமாம். எட்டிப் பார்த்து வெள்ளத்துக்கு ஸலாம் சொல்லவா?

உங்கள் சங்கத்துக்கு ஞாபகசக்தி குறைவு என்பதால் நடந்ததை நானே சொல்கிறேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் என் இளமை முழுவதையும் கொட்டினேன். நம் பள்ளத்தாக்கை அடியிலிருந்து நுனிவரை நடந்து ஒரு திட்டம் எழுதினேன். மேலே ஹபாயிரில் தேனீப் பெட்டிகளோடு தங்கியிருப்பவர்கள் மலையில் மழை இறங்குவதைப் பார்ப்பார்கள். அவர்கள் துப்பாக்கியால் சுட்டால் நடுவிலுள்ள கர்னில் கேட்கும். கர்ன் சுட்டால் துஃபைராவில் கேட்கும். நம் தகப்பன்மார் செய்ததுதான். அதற்கு ஒழுங்கும் பயிற்சியும் வேண்டும் என்றேன். அந்த நிறுவனத்தார் என் வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். தேன்காரர்களைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சங்கு வைத்தார்கள். ஊர் முகப்பில் பலகை நட்டார்கள். அதில் தேநீர் கொடுத்தவன் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. உன் கணவர் கராமா சிரித்துக்கொண்டே நாடாவை வெட்டினார்.

பிறகு வெள்ளம் வந்தது. சங்கு தொலைபேசிக் கோபுரத்தை நம்பி நின்றது. முதலில் விழுந்தது கோபுரம்தான். ஹபாயிர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் சுட்டார்கள், கர்னில் சுட்டார்கள். நம் ஊரிலோ அன்று கல்யாணம். கல்யாணத்துக்கும் சுடுகிறார்கள், வெள்ளத்துக்கும் சுடுகிறார்கள், யார் கண்டது? பெண் வீட்டார் வருகிறார்கள் என்று நினைத்து நம் ஆட்கள் பதிலுக்குச் சுட்டார்கள். லூல் அத்தை கீழ்த்தெரு வீட்டு மாடியில் நின்று குலவையிட்டாளாம். குலவை முடியும் முன்பே தண்ணீர் வந்துவிட்டது. அன்று கீழ்த்தெருவில் செத்தவர்களுக்கு மூன்று நாள் குழி வெட்டினோம்.

இப்போது அதே கீழ்த்தெருவில்தான் உன் மகள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். நீ சங்கு வாங்கு. நன்றாக வாங்கு.

யுஸ்லிம்

*

துஃபைரா
ஆகஸ்டு 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பின் துவைஸின் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று தெரியும். திட்டுங்கள். மூன்று வருடம் கழித்து வந்த திட்டு தேனாகத்தான் இருக்கிறது.

சங்கு வாங்கப்போகிறோம் என்று யார் சொன்னது? பின் துவைஸ் கூட்டத்துக்கு வந்தான், பாதியில் தூங்கினான், எழுந்தபோது காதில் விழுந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு முகல்லா வந்துவிட்டான். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நிறுவனம் சார்பில் வந்தவள் ஏடன்காரி, பெயர் ஹயாத். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் சங்கக் கூடத்தில் தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளி எல்லோரையும் உட்கார வைத்தோம். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆண்கள். அவள் எழுந்து சொன்னாள்: "போன தடவை நாங்க சொன்னோம், நீங்க கேட்டீங்க. தப்பாப் போச்சு. இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நாங்க கேக்குறோம். கஷ்டம்னு வந்தா முதல்ல ஓடி வரப்போறது நீங்கதான். நாங்க வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்."

இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதே இல்லை அல்லவா, எப்படிப் பதில் சொல்வது என்றே தெரியவில்லை. அப்புறம் ஒருவர் வாயைத் திறந்தார், அவ்வளவுதான், கூரை பறந்தது! ஒருத்தர் கூடாரம் என்றார், ஒருத்தர் படகு என்றார். படகாம், வருடத்தில் முக்கால்வாசி நாள் புழுதி பறக்கிற ஊரில்! கடைசியில் தேன்காரர் ஜும்ஆன் எழுந்து, "யுஸ்லிம் அன்னைக்கே சொன்னானே, நாங்க பாத்துச் சுடுறோம்னு. அதையே செய்யலாமே" என்றார். ஆமாம் அண்ணே, உங்கள் பெயரைச் சொன்னார். கூடத்தில் சொன்னார்.

உடனே என் வீட்டுக்காரர்: "சுட்டா, கல்யாண வேட்டா வெள்ள வேட்டான்னு எப்படித் தெரியும்?"

நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து, "கல்யாணத்துக்குச் சுடாதீங்க, தெரியும்" என்றேன்.

"சுடலேன்னா அது கல்யாண வீடா, எழவு வீடா?"

"போன தடவை சுட்டீங்க. கல்யாண வீடே எழவு வீடாச்சு."

அதைச் சொன்னபோதே எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு குலங்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்கிறார்கள்? தீர்ப்பு வரும்வரை இரு பக்கமும் துப்பாக்கியை நடுவரிடம் பிணையாகக் கொடுத்துவிடுகிறார்கள். இதுவும் சண்டைதான், நமக்கும் வெள்ளத்துக்கும். வெள்ளக் காலம் முடியும்வரை காவல் ஆட்களைத் தவிர மற்ற எல்லோரும் துப்பாக்கியைப் பிணையாகக் கொடுக்கட்டும். நடுவர் எங்கள் சங்கம். சொன்னேன். ஆண்கள் சிரித்தார்கள். ஹயாத் சிரிக்கவில்லை. கிழவர் பின் ஷம்லானும் சிரிக்கவில்லை. "பொம்பளைங்ககிட்ட பிணை வச்சா திருட்டுப் போகாது. அது ஒண்ணு நிச்சயம்" என்றார். முடிந்தது! அவர் துப்பாக்கிதான் முதலில் வந்தது.

இப்போது சொல்லுங்கள்: எத்தனை வேட்டு, எப்படிச் சுடுவது, யார் பதில் சுடுவது? இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. அக்டோபரில் என் மகன் ஸல்மீனுக்குக் கல்யாணம். நீங்கள் தாய்மாமன். முதல் வேட்டு உங்களுடையது. நம் ஊரில் தாய்மாமன் சுடும்வரை வேறு யாரும் விசையில் விரல் வைக்க முடியாது, அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த உரிமையை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதனால் வந்தே ஆக வேண்டும்.

உங்கள் தங்கை
முஸ்னா

*

முகல்லா
ஆகஸ்டு 20

முஸ்னா,

துப்பாக்கிப் பிணை. தையல் மெஷின்களுக்கு நடுவில். படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான். நான் எழுதிய திட்டத்தில் இது இல்லை. இருந்திருக்க வேண்டும். எழுதும்போதே இந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்துதான் இருந்தது. அடைக்க வழி தெரியவில்லை. சரி, அதற்காக உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடப்போவதில்லை.

நேற்று உட்கார்ந்தவன் விடிகாலை பஜ்ருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்தேன். சொல்கிறேன், கவனமாகக் கேள்.

மூன்று வேட்டு. பிறகு நிதானமாக, ஏழு வசனமும் விடாமல், ஒரு பாத்திஹா ஓதும் நேரம் நிறுத்தம். மறுபடி மூன்று. கல்யாணத்துக்கு எவனும் நடுவில் பாத்திஹா ஓதி நிறுத்தமாட்டான். ஹபாயிர் சுட்டதும் கர்ன் அதே போலத் திருப்பிச் சுட வேண்டும். அந்தப் பதில் காதில் விழும்வரை ஹபாயிர் நிறுத்தக் கூடாது. கர்னுக்குத் துஃபைரா பதில் சொல்லும்வரை கர்ன் நிறுத்தக் கூடாது. இதுதான் உயிர். கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒருவனும் துப்பாக்கியைக் கீழே வைக்கக் கூடாது. அன்று நம்மைக் கொன்றது அந்த நினைப்புதான்.

ஒத்திகை பார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. படம் எடுக்க வருகிறவர்களுக்காக அல்ல. கீழ்த்தெரு முழுவதும் மேட்டுக்கு ஏற வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் யார் யாரைத் தூக்குவது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மேட்டில் கயிறு, தண்ணீர், பேரீச்சம்பழம், கருவாடு, மருந்து, பால்பவுடர். பொறுப்பு முழுக்க உங்கள் சங்கத்தின் கையில். ஹயாத் நல்ல பெண்ணாகவே இருக்கட்டும், அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். உனக்கு வராது.

இனி கசப்பான விஷயம். வெள்ளக் காலம் முடியும்வரை பிணை என்று எழுதியிருக்கிறாய். எந்தக் காலம்? நட்சத்திரத்தைப் பார்த்து நம் வாப்பா விதைத்த காலமா? அது செத்துப்போயிற்று. இங்கே மீன்காரர்கள் கடலில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது கடலா, கஞ்சிப் பானையா?" என்கிறார்கள். சூடான கடலிலிருந்து புயல் தனக்குத் தோன்றிய மாதத்தில் வருகிறது. புயல் இங்கே கரை ஏறினால் மழை உங்கள் மலையில் விழும். காலம் முடிந்தது என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்தான் ஆபத்தான நாள். வருடம் முழுவதும் பிணை என்று மாற்று.

ஜும்ஆன் என் பெயரைச் சொன்னான் என்பதற்காக நான் குளிர்ந்துவிட்டதாக நினைக்காதே. ஊர் முகப்பில் அந்தப் பலகை நிற்கும்வரை நான் அந்த வழியாக உள்ளே வரமாட்டேன். என் திட்டத்தின் மேல் கண்டவன் பெயர். அதன் கீழே கராமாவின் சிரிப்பு. ஸல்மீனுக்கு என் துஆ உண்டு. முதல் வேட்டை வேறு யாரிடமாவது கொடு. முடியாது என்றால் சுடாமல் இரு.

யுஸ்லிம்

*

துஃபைரா
செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒத்திகை நடந்தது! நடந்தேவிட்டது! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே எல்லோரிடமும் சொல்லிவைத்தோம், எந்த நாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கர்ன் பக்கமிருந்து மூன்று. பிறகு நிறுத்தம். நான் வாய்க்குள் பாத்திஹா ஓதினேன், ஆமீன் சொன்னேன், மறுபடி மூன்று! எங்கள் காவலாள் பதில் சுட்டான். கீழ்த்தெருவே குலுங்கியது அண்ணே. ஒருத்தி கொதிக்கிற சோற்றுச் சட்டியோடு ஏறுகிறாள். ஒருத்தர் தொலைக்காட்சியைத் தலையில் வைத்திருக்கிறார், பின்னால் அவர் மனைவி, "பெட்டிய எடுத்தீங்க, உங்க உம்மாவ விட்டுட்டீங்களே!" என்று கத்துகிறாள். அவர் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். ஊரே சிரித்தது. ஆனால் அடுத்த ஒத்திகையில் அவர் கையில் இருந்தது அவர் உம்மாதான். என் மகள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மேட்டில் நின்றாள்.

ஹபாயிரில் காவல் இருக்கும் ஜும்ஆன் ஆள் அனுப்பியிருக்கிறார்: "கர்ன் ஆளு பதில் சுடுறதுக்குள்ள என் தோட்டா தீந்துடும் போலிருக்கு. அவனை முழிச்சிருக்கச் சொல்லுங்க. இல்லேன்னா என் தேனீயைத்தான் அனுப்பி எழுப்பணும்."

சங்கக் கூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் தையல் நூல் கட்டியிருக்கிறோம். பின் ஷம்லானுக்கு ரோஜா நிறம், வேறு நூல் தீர்ந்துவிட்டது. ஆண்கள் தினமும் ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரனைப் பார்ப்பது போல. "என்னோடதுக்கு எண்ணெய் போட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "போட்டோம், தையல் மெஷின் எண்ணெய்" என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இனி நல்லதில்லாத செய்தி. வருடம் முழுவதும் பிணை என்று கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. "காலம் முடியுற வரைக்கும்னு வாக்குக் குடுத்தோம், வாக்கு அவ்வளவுதான்" என்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் துப்பாக்கிகள் திரும்பிப் போகும். ஸல்மீன் கல்யாணம் அக்டோபர் நடுவில். என் வீட்டுக்காரர் தன் தம்பிமாரிடம், "ரெண்டு மாசம் அடக்கி வச்சதையெல்லாம் என் மகன் கல்யாணத்துல தீத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். மேட்டில் கயிறு, உணவு, காவல் எல்லாம் தயார். ஆனால் அன்று அவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது கர்னின் வேட்டு எங்கள் காதில் எப்படி விழும்? நான் அவரிடம் சொன்னால், "உன் அண்ணன் பேச்சு" என்கிறார். உங்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறார். பலகை விஷயத்தில் அவருக்கும் வருத்தம் உண்டு அண்ணே. வெளியே காட்டத் தெரியாது.

நீங்கள் வந்து நேரில் சொன்னால் கேட்பார்கள். பலகைக்குப் பின்புறமாக ஒரு பாதை இருக்கிறது. ஆட்டுப்பாதைதான். இருந்தாலும் பாதை.

முஸ்னா

*

முகல்லா
அக்டோபர் 13

முஸ்னா,

பின் துவைஸ் இஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடல் மாறிவிட்டது. நேற்றிலிருந்து படகுகள் எல்லாம் கரையில். அடிவானத்தில் செம்பு நிறம், காற்று தப்பான திசையிலிருந்து வருகிறது. துறைமுகத்து வானொலி புயல் என்கிறது, எங்கே ஏறும் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளை மறுநாள் உன் மகன் கல்யாணம்.

கல்யாணத்தைத் தள்ளிவை என்று சொன்னால் கராமா தள்ளிவைக்கமாட்டார். ஆடு அறுத்தாகிவிட்டது, விருந்தாளி வந்தாகிவிட்டது என்பார். சுடாதே என்று சொன்னால் யுஸ்லிம் பேச்சு என்பார். அதனால் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீ சொல். பந்தலில் எல்லோர் முன்பும் சொல்: "அண்ணன் மனசு மாறிட்டார், கிளம்பிட்டார், வந்துகிட்டே இருக்கார்."

புரிந்ததா? தாய்மாமன் வராமல் ஊரை விட்டுப் போனான் என்றால் அவனைச் செத்தவன் கணக்கில் சேர்த்து, இரண்டு திட்டு திட்டிவிட்டு அவர்களே சுட்டுவிடுவார்கள். தாய்மாமன் வழியில் இருக்கிறான் என்றால் ஒருவனும் சுட முடியாது. யாராவது சுட்டால் அது என்னை உயிரோடு புதைத்ததற்குச் சமம்; அந்த அவமானத்தை உன் வீட்டுக்காரர்கூடத் தாங்கமாட்டார். காத்திருப்பார்கள். திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், என் வண்டிச் சத்தத்துக்காக.

நான் வரமாட்டேன். வந்தால் துப்பாக்கியை என் கையில் திணித்துவிடுவார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன்: வரலாம் என்றுதான் இருந்தேன். புதுக் கைலி வாங்கியிருந்தேன். ஆட்டுப்பாதையைப் பற்றியும் யோசித்து வைத்திருந்தேன்.

ஜும்ஆனுக்கு இன்றே ஆள் அனுப்பு. தூங்க வேண்டாம் என்று சொல்.

யு.

*

துஃபைரா
அக்டோபர் 19

அண்ணே,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்யை, ஊர் முழுக்கக் கூடியிருந்த பந்தலில் சொன்னேன். "அண்ணன் வந்துகிட்டே இருக்கார்." என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நம்பவில்லை, பின் துவைஸைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்! அல்லாஹ் அன்று அவனைக் கொண்டும் ஓர் அற்புதம் செய்தான்.

லுஹர் தொழுகை முடிந்தது. சோறு இறங்கியது. மாப்பிள்ளை ஊர்வலம் நின்றுகொண்டே இருக்கிறது, எல்லோர் தோளிலும் துப்பாக்கி, ஒருவரும் சுடவில்லை. எங்கள் தலைக்கு மேலே வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேற்கே மலைக்கு அப்பால் மட்டும் ஒரு கறுப்பு.

"எங்கய்யா உங்க மச்சான்? கழுதையில வர்றாரா?"

"முகல்லாவுல திட்டம் போட்டுகிட்டு இருப்பாரு, எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கிறதுன்னு!"

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "வரட்டும். முதல் வேட்டை அவன் சுடட்டும். ரெண்டாவது வேட்டை அவன் மேலயே சுடுறேன்."

பந்தலே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில், மூன்று.

யாரும் அசையவில்லை. பின் ஷம்லானின் உதடு மட்டும் அசைந்தது, நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பாத்திஹா ஓதுகிறார். பிறகு பக்கத்திலிருந்தவர் உதடும். பந்தலில் இருந்த அத்தனை ஆண்களும் ஒரே மூச்சில் ஓதி, ஆமீன் என்று சத்தமாகச் சொன்னார்கள். அந்த ஆமீனின் முதுகிலேயே மறுபடி மூன்று.

"வெள்ளம்!" முதலில் கத்தியது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். காவலாளுக்கு முன்னால் ஓடிப்போய், "பதில் சுடுடா! அவனுங்க நிறுத்த மாட்டானுங்க, பதில் சுடு!" என்று கத்தினார். உங்கள் விதியை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார் அண்ணே. எழுந்து போனதெல்லாம் சும்மா.

அதன் பிறகு ஒத்திகை மாதிரியே நடந்தது. இல்லை, ஒத்திகையைவிட வேகமாக. தொலைக்காட்சிக்காரர் உம்மாவைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினார். மணப்பெண் கால் மருதாணியோடு வெறுங்காலில் ஓடினாள், ஒரு கையில் என் பேரன், இன்னொரு கையில் யாருடையதோ ஆடு. மாப்பிள்ளை ஸல்மீன் லூல் அத்தையின் பழைய வீட்டுக்குள் கடைசியாகப் புகுந்து, அங்கே குடியிருக்கும் கண் தெரியாதவரை முதுகில் ஏற்றி வந்தான். அவர் வழியெல்லாம், "கல்யாணம் உனக்கா எனக்கா, யாரைத் தூக்கிட்டுப் போறே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். மேட்டில் எங்கள் பெண்கள் பாதை முனையில் நின்று வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார்கள். எல்லா வீடும் "இருக்கோம்" என்றது. கடைசி வீடு "இருக்கோம்" என்று சொன்னபோது தண்ணீர் வந்தது.

பழுப்புச் சுவர் அண்ணே. பனை உயரத்துக்கு நுரை. கீழ்த்தெருவின் மண்வீடுகள் சீனி மாதிரி கரைந்தன. பார்த்துக்கொண்டு நின்றோம், அழுதோம். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன தடவை அப்படி அழவில்லை.

கல்யாணச் சோறு மேட்டுக்கு வந்தது. கயிறு இருந்தது, பால்பவுடர் இருந்தது, அடுப்பு இருந்தது. நகரத்திலிருந்து முதல் லாரி வந்தது நான்காம் நாள். ஹயாத் இறங்கி எங்கள் அடுக்களையைப் பார்த்துவிட்டு, "நாங்க எதுக்கு வந்தோம்?" என்றாள். "பாத்திரம் கழுவ ஆள் பத்தல, வா" என்றேன். புர்காவை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இது உங்க சங்கம் செஞ்சது. அடுத்த பள்ளத்தாக்குச் சங்கங்களுக்கும் நீங்கதான் சொல்லித் தரணும், நாங்க இல்ல" என்றாள். நவம்பரில் எல்லாச் சங்கங்களும் இங்கே கூடுகின்றன. நாங்கள் பேசுவோம், எங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுக்க எழுத்தில் ஒன்று வேண்டும். எழுதித் தருவீர்களா?

பலகையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சங்குக் கம்பங்களையும். பலகை ஊருக்குக் கீழே ஒரு முள்மரத்தில் தொங்குகிறதாம். இனி வருவதற்கு என்ன தடை?

அதோடு உங்கள் வேட்டு அப்படியே பாக்கி இருக்கிறது. நீங்கள் வந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றுதான் இன்னும் கணக்கு. என் வீட்டுக்காரர் யாரையும் சுட விடவில்லை.

முஸ்னா

*

முகல்லா
அக்டோபர் 27

முஸ்னா,

உன் கடிதத்தை மீன் சந்தையில் நின்றபடியே படித்தேன். "இருக்கோம்" என்ற இடத்தில் என்ன ஆயிற்றோ, மீன்காரன் எனக்கு உட்கார நாற்காலி போட்டான். பிறகு அவனுக்கும் படித்துக் காட்டினேன். சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். பெண் வெறுங்காலில் ஆட்டோடு ஓடிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

நீ கேட்டதை எழுதியிருக்கிறேன், உள்ளே இருக்கிறது. புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். பிணை என்றால் காலக்கெடு கேட்கிறார்கள். கெடு முடிந்ததும் பிடுங்கிக்கொள்கிறார்கள். தாய்மாமன் உரிமைக்குக் காலக்கெடு கிடையாது. ஆகவே இனி எந்த மாதமானாலும், எந்தக் கல்யாணமானாலும், தாய்மாமன் முதல் வேட்டுச் சுடும் முன் மேலே பார்க்க வேண்டும். தேன்காரர்கள் தேனீயை விரட்டப் போடும் புகையை மலைமேல் போடட்டும். ஹபாயிர் புகையைக் கண்டு கர்ன் போடட்டும், கர்னைக் கண்டு துஃபைரா. வானம் சுத்தம் என்று புகை வந்தால் தாய்மாமன் சுடலாம், பிறகு மற்றவர்கள் ஆடித் தீர்க்கட்டும். புகை வராவிட்டால் அவன் இன்னும் வழியில் இருக்கிறான் என்று அர்த்தம், யாரும் சுட முடியாது. ஒவ்வொரு கல்யாணமும் ஒரு ஒத்திகை ஆகிவிடும். இனி யாரும் ஒத்திகைக்கு ஆளைக் கெஞ்ச வேண்டியதில்லை. நம் ஊரில் கல்யாணத்துக்கா பஞ்சம்?

ஸல்மீனின் வேட்டை நான் வந்து சுடுகிறேன். புகை வந்த பிறகு. ஆட்டுப்பாதையால் இல்லை, முகப்பு வழியாக. கராமாவிடம் சொல், இரண்டாவது வேட்டை அவர் வானத்தைப் பார்த்துச் சுடட்டும்.

நான் யாரையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லித் திரியாதே. நீர்ப்பாசன அலுவலகத்தில் என் வரைபடத்தைத் திருடி நிறுவனத்துக்குக் கொடுத்தவனுக்குப் போன மாதம் பதவி உயர்வு. அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. பலகை முள்மரத்தில் தொங்குகிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் இறங்குகிறது. அதை யாரும் கழற்ற வேண்டாம்.

ஒரு விஷயம். உள்ளே இருக்கும் எழுத்தின் அடியில் பெயரையும் பட்டத்தையும் முன்னாள் பதவியையும் முழுதாக எழுதினேன். மூன்று வருடம் அதற்காகத்தானே ஊரை வெறுத்தேன். எழுதிவிட்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் இதைப் படிப்பார்கள். யாரோ ஒருவர் அடியில் பார்ப்பார். "ஓ, முகல்லா இன்ஜினியர் திட்டமா?" என்பார். கராமா மாதிரி ஒருவர் எழுந்து போவார். இன்னொருவர் அதன் மேல் தன் பலகையை நடுவார். பாத்திஹாவை யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்று பந்தலில் ஒருவனும் கேட்கவில்லை. அதனால்தான் எல்லா உதடும் அசைந்தது. தாய்மாமன் முதலில் சுட வேண்டும் என்று எவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான்? ஒருவனும் இல்லை. அதனால்தான் அதை மீற ஒருவனாலும் முடியவில்லை.

ஆகவே அடிப்பகுதியைக் கிழித்துவிட்டேன். கேட்பவர்களிடம் துஃபைராவில் இப்படித்தான் வழக்கம் என்று சொல். ஜும்ஆன் வாயைத் திறந்தால் அவன் வாயில் தேன் அடையை வை.

பின் துவைஸ் ஹார்ன் அடிக்கிறான். "இன்ஜினியரே, கையெழுத்துப் போட மறந்துட்டீங்களா? பேனா வேணுமா?" என்று கத்துகிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையும் அப்படியே உறையில் போட்டு அவனிடம் கொடுக்கிறேன், பெயர் இல்லாமல்.